தெளிவில்லாத பிரதி

செயலகத்துக்கு எதிர்ப்பக்கம் என் கடை.
ஒரு மெஷின், ஒரு மேசைவிசிறி.
கறன்ற் போனால் நானும் போனமாதிரித்தான்.
பதினொரு வருசமாய்
சண்டிலிப்பாயின் இல்லாமை முழுவதும்
இந்தக் கண்ணாடியில் குப்புறப் படுத்து
ஒரு வெளிச்சம் வாங்கி
எழும்பிப் போயிருக்கிறது.

குடும்ப அட்டை. அடையாள அட்டை, இரண்டு பக்கமும்.
மரணச் சான்றிதழ். விதானையாரின் கடிதம்;
அது காலாவதியானதும் அடுத்த கடிதம்.
"தெளிவில்லை, வேற எடுத்துக்கொண்டு வாங்கோ"
என்று அங்கே திருப்பிவிட,
மாதகல் பஸ்ஸுக்கு விலகி றோட்டைத் தாண்டி
திரும்பவும் என்னட்டை.

சரிந்து விழுந்தது, மை அப்பினது,
பாதி முகத்தோடு வந்தது,
பழுதானதுகளை நான் எறிவதில்லை.
பின்பக்கம் வெள்ளை; கணக்கு எழுதலாம்.
அலுமாரிக்குக் கீழே ஒரு பால்மாப் பெட்டி.
சாட்சிக்கென்று சேர்த்ததில்லை.
கஞ்சத்தனம்.

தவநிதிக்கு வீட்டுத்திட்டம் கிடைத்தது.
நாலு கட்டமாய்க் காசு என்றார்கள்.
முதலாவதில் அத்திவாரம்.
இரண்டாவதில் சுவர், லிண்டல் மட்டும்.
மூன்றாவதுக்குப் பதிலாகத்
தேர்தல் வந்தது.

"ஆறு மாதத்தில் ஒவ்வொரு சுவருக்கும் கூரை."
அந்தத் துண்டுப்பிரசுரமும் என் மெஷினில்தான்,
இரண்டாயிரம் பிரதி, பாதிக் காசு இன்னும் வரவில்லை.
மாலை, வெடி, மேடை.
பிறகு மழை.
அது தவநிதியின் வீட்டுக்குள்ளேயே பெய்தது,
ஓர் அறையையும் விடாமல்,
பாரபட்சம் இல்லாமல்.
மூன்று மாரி.
கம்பியின் துரு சுவரில் வழிந்து
கீழே வரை சிவப்புக் கோடு.
வட்டிக்கு எடுத்த காசுக்காக அவள்
ஆற்றையோ தோட்டத்தில் வெங்காயம் கிண்டப் போனாள்.

போன வைகாசியில்
தகவல் உரிமைப் படிவம் ஒன்றை நிரப்பிக் கொடுத்தோம்.
பதில் வந்தது:
அவ்வாறான கோப்பு எம்மிடம் இல்லை.
கையொப்பம், வட்ட முத்திரை, திகதி.
அந்தக் கட்டடத்திலிருந்து
இவ்வளவு தெளிவாய் ஒரு தாள்
நான் முன்னே கண்டதில்லை.

அவள் அழவில்லை. கேட்டாள்:
"அண்ணை, இல்லாத கோப்புக்கோ
நான் இவ்வளவு கொப்பி எடுத்தனான்?"

பெட்டியை இழுத்தேன்.
கரப்பான் ஓடியது, ஒரு பழைய கலண்டர்,
என் மகளின் பெருக்கல் வாய்ப்பாடு,
பிறகு அவளின் ஒப்பந்தம்.
சரிந்துதான் இருந்தது. ஒரு மூலையில் முத்திரை,
மற்ற மூலையில் திகதி,
நடுவில் அவளுடைய பெருவிரல்.
அதற்குக் கீழே கிளாறிஸின் படிவம்.
வலுவிழந்தோர் கொடுப்பனவுக்கு
இளையதம்பியர் ஏழு முறை கொடுத்தது, ஏழும்.
பின்னேரத்துக்குள் நாற்பத்தொரு பேர்.
இன்னும் கீழே, தலைகீழாய்,
அந்தக் கூரை.

பொதுமக்கள் தினத்தன்று பெட்டியோடு போனோம்.
புதிதாய் மாற்றலாகி வந்த பெடியன்.
கெட்டவன் இல்லை; தாள்களை ஒவ்வொன்றாய்ப் பார்த்தான்.
"இதொண்டும் என்ர காலத்தில நடந்ததில்லை அம்மா."
தவநிதி சொன்னாள்:
"மழையும் உங்கட காலத்தில துவங்கினதில்லைத் தம்பி.
இப்பவும் பெய்யுது."

விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும் கொஞ்ச நேரம்.
பிறகு அவன், குரலைத் தாழ்த்தி,
"சரி, புதுக் கோப்பு திறப்பம்.
இதுகள் எல்லாத்திலயும் ஒவ்வொரு கொப்பி
எடுத்துக்கொண்டு வாங்கோ."

இளையதம்பியர்தான் முதலில் சிரித்தார்,
ஊன்றுகோல் குலுங்க.
பிறகு வரிசை முழுவதும்.

றோட்டைத் தாண்டினோம்.
நூற்றிப் பன்னிரண்டு தாள்.
மையைக் கடைசிவரை கூட்டி வைத்து எடுத்தேன்.
பற்றுச்சீட்டைச் செயலகத்தின் பெயருக்கு எழுதி,
"கடன்" என்று இரண்டு கோடு இழுத்து
தவநிதியிடம் கொடுத்தேன்.

வாசித்துப் பார்த்தாள்.
அதிலும் ஒரு கொப்பி கேட்டாள்.