பற்றுரிமை

அகராதியில் அதற்குப் பெயர் பற்றுரிமை.
இருபத்தோரு வருட வேலையில்
அந்தச் சொல்லை நான் யாரிடமும் சொன்னதில்லை.
கவுன்டரில் அது வெறும் லீன்.
'லீன் போட்டிருக்கு' என்றால்
பாதிப்பேர் 'லைன்' என்று காதில் வாங்கிக்கொண்டு
வரிசையில் போய் நிற்பார்கள்.

அஞ்சலாட்சி நிற்கவில்லை.
காசிமேட்டிலிருந்து நேரே வந்திருந்தாள்,
முழங்கை வரை ஈரம்.
"துட்டு கீதா, இல்லியா?"
இருக்கிறது. பதினோராயிரத்து இருநூற்று அறுபது.
"அப்ப குடு."
முடியாது.
"யார்னா எடுத்துட்டாங்களா?"
இல்லை. உங்கள் பணம்தான், உங்கள் பெயரில்தான்.
சொல்லச் சொல்ல
எனக்கே அது பொய்போல் கேட்டது.

பதினான்காம் தேதி, காலை ஏழு ஐம்பத்திரண்டு:
யாரோ ஸ்கேன் செய்து அனுப்பிய
முந்நூற்று நாற்பது ரூபாய்.
எங்கோ வடக்கே ஒருவரை ஏமாற்றிப் பறித்ததில் ஒரு துளி
கை மாறிக் கை மாறி
இவள் கணக்கில் வந்து இறங்கியிருக்கிறது.
அந்த ஊர்ப் போலீஸ் ஒரு மின்னஞ்சல் அனுப்பியது.
நாங்கள் மொத்தத்தையும் கட்டிப்போட்டோம்.

"ஏலத்துல கூடை மேல ஒருத்தன் கைய வெச்சிட்டா
வேற யாரும் தொடக்கூடாது.
காசும் குடுக்கல, தூக்கினும் போவல.
கை மட்டும் கீது. அதானே?"

அதேதான்.
பயிற்சிக் கையேட்டில் இது ஒன்றேகால் பக்கம்.

"ஐசு கரையிற வரைக்குமா வெச்சினு இருப்பான்?
கைய எட்ரான்னு சொல்ல
அங்க ஆளு கீது. இங்க யாரு?"

மனு எழுதிக் கொடுத்தேன்.
யார் வாங்கியது, நினைவிருக்கிறதா?
"ஏன் இல்ல? ஹெல்மெட்டக் கழட்டவே இல்ல.
ஒரு கிலோ சங்கரா. சுத்தம் பண்ணச் சொன்னான்,
தலை வேணான்னான்.
சங்கராத் தலைய எவனாச்சும் வேணான்னுவானா?
அப்பவே எனக்கு டவுட்டு."

பிறகு, கையெழுத்துப் போடக் குனிந்தவள்
நிமிராமலே கேட்டாள்:
"அந்தாண்ட துட்டு போனது, பொம்பளையா சார்?"
திரையில் அது இல்லை.
இல்லை என்றேன்.

ஐந்தரை மணிக்கு
மனுவை ஸ்கேன் செய்ய எடுத்தபோது
அவள் பெயரின் கடைசி எழுத்தை ஒட்டி ஒரு செதில்.
நகத்தால் சுரண்டினேன்.
காகிதம்தான் கிழிய வந்தது.
அப்படியே அனுப்பிவிட்டேன்.
வடக்கே, எவருடைய மேஜையிலோ,
என்னவென்று தெரியாத
ஒரு சாம்பல் புள்ளியாக
அது இந்நேரம் திறக்கப்பட்டிருக்கலாம்.
இன்னும் திறக்கப்படாமலும் இருக்கலாம்.