கவுண்டருக்கு இந்தப் பக்கம்

நிந்தவூர் தபால் கந்தோரில்
பேனையை நூலில் கட்டி வைத்திருக்கிறோம்.
களவு போகும் என்பதால்
நூலும் குட்டை.
வருகிறவர்களின் வலப்பக்கம் ஒரு ஆணி,
ஆணியில் நூல்.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் இருப்பதால்
அந்த ஆணி எனக்கு இடப்பக்கம்.
பதினொரு வருட வேலையில்
எனக்கென்று செய்ததுபோல் வாய்த்தது
அது ஒன்றுதான்.
அதுவும் எனக்காக அடித்ததல்ல.

சில்லறையை இடக்கை எண்ணும்.
எண்ணி முடித்து வலக்கைக்கு மாற்றும்.
வலக்கை நீட்டும்.
இரண்டு செக்கன்.
நாளுக்கு நூறு பேர் என்று வைத்து
ஒரு மழைநாளில் கணக்குப் பார்த்தேன்:
பதினொரு வருடத்தில் முழுதாக ஆறு நாள்,
இரவும் பகலும்,
கை மாற்றிக்கொண்டே இருந்திருக்கிறேன்.
அதை லீவாகத் தருவார்களா?

ஒருமுறை மறந்துபோய் அப்படியே நீட்டிவிட்டேன்.
மீன் யாவாரம் செய்யும் சுலைமாலெவ்வைக் காக்கா
காசைத் தொடவில்லை.
கோபமும் இல்லை.
பஸ் நிற்கும்வரை இறங்காமல் நிற்பவரைப்போல
நின்றார்.

தமிழ் எழுதினால்
எழுதிய வரிமேல் நானே நடந்து போகிறேன்.
சுண்டுவிரலிலிருந்து மணிக்கட்டு மட்டும்
எப்போதும் நீலம்.
போன தேர்தலில்
மை பூச விரலைப் பார்த்த உத்தியோகத்தர்
நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.
"ஏற்கெனவே போட்டுட்டீங்களோ?"
ஆட்களெல்லாம் திரும்பிப் பார்க்க
தபால் கந்தோர் மை அது என்று
சத்தியம் பண்ணாத குறை.
அரசாங்கம் என் இடக்கையைக் கேட்டு வாங்குவது
அந்த ஒரு நாள்தான்.
அன்றைக்கும் சந்தேகம்.

ஓதப்பள்ளியில்தான் முதன்முதலாக
அழியாமல் எழுதினேன்.
அலிஃப், பே, தே.
வலமிருந்து இடம்.
கை முன்னால் போகப் போக
மை பின்னால் தன்பாட்டில் காய்ந்தது.
அவ்வளவு துப்புரவான பக்கம்
அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.
"கைய மாத்து புள்ள."
மாற்றினேன்.
மறுகா என்ன,
மற்றப் பிள்ளைகளுக்குப் போலவே
எனக்கும் மை இழுபட்டது.

சோறு வலக்கைக்கு. அதில் எனக்கு வாதமில்லை.
கல்யாணவீட்டுச் சஹனில் ஆறு பேரில் ஒருத்தியாய்
யார் முழங்கையிலும் இடிக்காமல் தின்பேன்.
ஆனால் அந்த இறைச்சியை வெட்டியது இது,
வெங்காயம் அரிந்தது இது,
தேங்காய் துருவியதும்
(சுற்றுகிற மிசினோடு மல்லுக்கட்டி,
கைபிடி அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்)
இதுதான்.
உழைப்பது ஒரு கை, உண்பது ஒரு கை.
ஊரில் இது புதினமா?
"நீ வெட்டுறதப் பாத்தா
கண்ணாடிக்குள்ள ஆரோ நிண்டு வெட்டுற மாதிரி"
என்பார் றம்ஸியா மதினி.
எட்டத்தில்தான் நிற்பார்,
என் விரலுக்குப் பயந்து.

நேற்று, பென்சன் சனம் குறைந்த நேரம்,
ஒரு பொடியன்.
வலது மணிக்கட்டில் மணிக்கூடு.
பதிவுத் தபாலுக்கு விலாசம் எழுதப்
பேனையை இழுத்தான்.
நூல் கடிதத்தின் குறுக்கே
கொடி கட்டியதுபோல் விறைத்து நின்றது.
கடிதத்தைச் சரித்தான்.
பிறகு தன்னைச் சரித்தான்.
பிறகு கவுண்டரோடு ஒட்டி
நண்டுபோல் பக்கவாட்டில் நகர்ந்து
'அக்கரைப்பற்று' என்பதில் 'அக்' மட்டும் எழுதினான்.
அவனுக்குப் பின்னால் நின்றவர் செருமினார்.

என் சொந்தப் பேனையைக்
கண்ணாடிக்குக் கீழால் தள்ளினேன்.
இடக்கையால்.
மாற்ற நினைக்கவேயில்லை.
அவன் இடக்கையால் வாங்கினான்.
ஒரு சொல்லும் இல்லை.
என் விரல் நீலத்தைப் பார்த்தான்,
தன் விரலைப் பார்த்தான்,
எழுதினான்.

இரண்டு செக்கன் மிச்சம்.

முத்திரை ஒட்டி, ரசீது கிழித்து,
மிச்சக் காசும் இடக்கைக்கு இடக்கை கொடுத்து
நிமிர்ந்தால்
மோட்டார் சைக்கிள் சத்தம்தான் கேட்டது.
பேனையைக் கொண்டு போய்விட்டான்.

நூல் ஏன் கட்டியிருக்கிறது என்று
தபாலதிபர் எனக்கு
ஆறுதலாக விளங்கப்படுத்தினார்.