பந்து கையில் இல்லாதபோது

ஓசூரில் ஜூலைக் குளிர்.
உள்ளரங்கத்தின் தகரக் கூரைமேல் தூறல்
நிற்பதும் பெய்வதுமாய் இருக்கிறது.
மூன்றாம் வரிசை, ஓர நாற்காலி என்னுடையது.
மடியில் அட்டை, அட்டையில் படிவம்.
கழுத்தில் தொங்கும் அடையாளச் சீட்டில்
மதிப்பீட்டாளர் என்று போட்டு
என் பெயரில் ஒரு புள்ளியைத் தின்றிருக்கிறார்கள்.

பதினாறு வயதுக்குட்பட்ட பெண்கள், ஆறு நாடுகள்,
ஒவ்வொருத்திக்கும் இருபத்தேழு கட்டங்கள்.
உயரம். கை விரிப்பு. நின்ற இடத்தில் தாவல்.
எறியும்போது மணிக்கட்டு. இடது கை.
ஒன்றிலிருந்து பத்துக்குள் போட வேண்டும்,
அரை, கால் எல்லாம் கிடையாது.

கஜகஸ்தானின் பதினான்காம் எண்
ஆறடி மூன்றங்குலம், வயது பதினைந்து.
நாட்டுப் பண்ணுக்கு நிற்கும்போதே
பக்கத்து நாற்காலிக்காரர் பத்துப் போட்டுவிட்டார்.
எனக்குப் பட்டது வேறு.
அவளுக்குத் தன் கால்கள் இன்னும் பழகவில்லை,
நேற்று வாங்கிய செருப்பைப் போல
பயந்து பயந்து வைக்கிறாள்.
திரும்பும்போது இடுப்பு ஒரு நொடி தாமதமாக வருகிறது.
‘இரண்டு ஆண்டு பொறுக்கவும்’ என்று எழுதினேன்.
இரண்டை அடித்து மூன்றாக்கினேன்.

நம் பக்கம் ஒன்பதாம் எண்,
கோ. இளவேனி, பென்னாகரம்.
ஐந்தடி நான்கு.
முதல் பாதியில் இரண்டு புள்ளி, மூன்று தவறு,
ஒருமுறை பந்தைத் தன் காலிலேயே அடித்துக்கொண்டாள்.
சராசரி என்று எழுதப் பேனாவை வைத்தேன்,
‘ச’ வரை வந்துவிட்டது.

அப்போதுதான் கரண்ட் போனது.
ஜெனரேட்டரில் விளக்கு மட்டும் எரிய
புள்ளிப் பலகை கறுத்தது, ஒலிபெருக்கி செத்தது,
காலையிலிருந்து மண்டையைத் துளைத்த பாட்டும் நின்றது.
ரப்பர் அடிகள் தரையில் கிறீச்சிடுவது கேட்டது.
அதற்கு மேலே ஒரு குரல்.

சேலத்துப் பெண்ணிடம் ‘இடது, இடது’.
கோட்டயத்துக்காரியிடம் ‘எடத்து’.
லூதியானாவிலிருந்து வந்தவளிடம் ‘கப்பே’.
ராய்ப்பூர்க்காரி திரும்பும் முன்பே ‘பாயே’.
முகாம் நடந்தது பன்னிரண்டே நாள்.
இவள் நாலு மொழியிலும்
ஒரே ஒரு சொல்லைக் கேட்டு வாங்கிவைத்திருக்கிறாள்.
சொன்ன திசையில் சொன்ன பெண் நகர
பதினான்காம் எண்ணுக்குப் போகும் வழியெல்லாம்
ஒவ்வொன்றாக அடைபட்டது.
ஒன்பது நிமிடம். பந்து இவளிடம் வந்தது நான்கு முறை.

கரண்ட் வந்தது. பாட்டும் வந்தது.
உதடு அசைவதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஐந்தாவது ஃபவுலில் வெளியே அனுப்பினார்கள்.
துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு
பெஞ்சில் உட்காராமல் நின்றே கத்தினாள்.
நான்கு புள்ளியில் தோற்றோம்.

படிவத்தில் இதற்கு ஒரு கட்டம் இருக்கிறது.
‘சக வீரருடன் பேசுகிறாரா: ஆம் / இல்லை.’
ஆமுக்கு ஒரு மதிப்பெண்.

எனக்கும் ஒருமுறை ஒருவர் போட்டார்.
தொண்ணூற்றெட்டு, சேலம், மாநிலத் தேர்வு.
மேசைக்கு எதிரே நின்று தலைகீழாகப் படித்தேன்:
‘கை நன்று. ஆள் சிறியவள்.’
அதனால்தான் எழுதும்போது
முழங்கையை மடித்துத் தாளை மறைத்துக்கொள்கிறேன்.
அவர் எழுதியது சரிதான்,
அதன் பிறகும் நான் வளரவில்லை.

இரவு, பேருந்து நிலையத்துக்கு எதிரே லாட்ஜ்.
பெங்களூர்ச் சாலையில் லாரிகள் கியர் மாற்றுகின்றன.
கூட்டிப் பார்க்கிறேன்.
பதினான்காம் எண் நூற்று எண்பத்தெட்டு,
ஒன்பதாம் எண் நூற்று நாற்பத்தொன்பது.
கீழிருந்து மேலாகக் கூட்டினாலும் அதேதான்.
குறிப்புக்கென்று ஒரே ஒரு கோடு விட்டிருந்தார்கள்.
அதில் தொடங்கி ஓரத்தில் ஏறி
தாளின் பின்பக்கம் போய் முடித்தேன்.
படிப்பார்களா தெரியாது. கூட்டுத்தொகை முன்பக்கம் இருக்கிறது.

மறுநாள் நிறைவு விழா.
பசுமைக்குடில்காரர் ஒருவர் உபயத்தில்
ஆளுக்கொரு ரோஜாக் கட்டு.
பதினான்காம் எண்ணுக்கு அதை எப்படிப் பிடிப்பதென்று தெரியவில்லை.
யாரோ படமெடுக்கக் கூப்பிட
திரும்பிப் பாராமல், இடது கையால்,
முதுகுக்குப் பின்னே வீசினாள்.
ஏழடி தள்ளி நின்ற தோழியின் மார்பில்
ஒரு இதழ் உதிராமல் போய்ச் சேர்ந்தது.

இடது கை: ஐந்து என்று போட்டிருக்கிறேன்.
உறையை ஒட்டியாயிற்று.
எச்சில் இன்னும் காயவில்லை.