துடைக்கும் முன்

அல் ஐனில் இரவு பதினொன்று. வெளியே முப்பத்தெட்டு டிகிரி.
ஒட்டகச் சந்தைப் பக்கமிருந்து வரும் காற்று
கண்ணாடிக் கதவோடு நின்றுவிடுகிறது.
உள்ளே, காதை மூடிய தொப்பியோடு,
பனி மெழுகும் வண்டியை கேட்டில் நிறுத்திவிட்டு
பெண்கள் அணி ஆடி முடிக்கக் காத்திருக்கிறேன்.

என் வேலை அழிப்பது.
ஒரு மணி நேரம் அவர்கள் கீறியதை எல்லாம்
பன்னிரண்டு நிமிடத்தில் சுரண்டி, மேலே வெந்நீர் விட்டு,
ஆமாம், வெந்நீர்தான், பச்சைத் தண்ணீர் சரியாக ஒட்டாது,
ஒன்றுமே நடக்காதது மாதிரி ஆக்குவது.
ஆனால் படிக்காமல் அழித்ததில்லை.
ஆறு வருஷத்தில் இந்தக் கீறல்கள் எனக்குக் கையெழுத்து.

ரீமுடையது நீள நீளமான வளைவு.
மின்சார வாரியத்தில் பொறியாளர். காலில் காற்றைக் கட்டியவள்.
பக் எங்கே போகிறதோ அங்கே போவாள்;
போய்ச் சேரும்போது அது வேறெங்கோ போயிருக்கும்.
புறப்பட்ட பஸ்ஸைத் துரத்துகிற ஓட்டம்.
மூலைகளில் பார்த்தால்
நாலைந்து பேர் ஒரே இடத்தை உழுதிருப்பார்கள்,
விதைக்கப் போகிற மாதிரி.

மாரிசெல்லுடையதைத் தேடத்தான் வேண்டும்.
பல் ஆஸ்பத்திரியில் வேலை, வயது முப்பத்தொன்பது,
அணியிலேயே மெதுவான கால்கள்.
சின்ன வெட்டு. அரை வட்டம். ஒரு நிறுத்தம்,
யாருமே இல்லாத இடத்தில்.
மூச்சு வாங்க நின்றிருப்பாள் என்றுதான் முதலில் நினைத்தேன்.
மூன்று வாரம் கழித்துத் தெரிந்தது:
பக் உரசிய மெல்லிய கோடு
அந்த நிறுத்தத்தைத் தேடிக்கொண்டு வந்து சேர்கிறது.

பயிற்சியாளன் ஆர்னிஸ், லாட்வியாக்காரன்,
மாரிசெல்லைவிடப் பதின்மூன்று வயது சின்னவன்.
இந்த மாதம் ஓட்டப் பந்தயத்தை நிறுத்திவிட்டான்.
கூம்புகள் வைத்து மைதானத்தை மூன்றில் ஒன்றாகச் சுருக்கினான்.
ஒரு நாள் இரண்டு பக் விட்டான். ஒரு நாள் பக்கே இல்லை;
இல்லாததை ஒருவருக்கொருவர் தள்ளிக் கொடுத்தார்கள்.
அதையும் ரீம் தவறவிட்டாள். எல்லோரும் சிரித்தார்கள், முதலில் அவள்.
முதுகுக்குப் பின்னால் நின்று விரல் காட்டுவான்,
பாஸ் வந்து சேருமுன் எத்தனை என்று சொல்ல வேண்டும்.
சொல்லாவிட்டால் திட்டு கிடையாது. மறுபடியும்.
கண்ணை ஸ்டிக் நுனியில் கட்டிப்போட்டிருக்கிறீர்கள்,
அவிழ்த்துவிடுங்கள் என்பான்.

இன்றைக்கு ஆட்டத்தின் நடுவில் விசில்.
அப்படியே நில்லுங்கள். கண்ணை மூடுங்கள். ரீம் எங்கே?
பத்துக் கையுறைகள் பத்துத் திசையில்.
ஒன்று ஸ்கோர் பலகையைக் காட்டியது.
ரீம் தன் நெஞ்சைத் தொட்டுக்காட்டினாள்.
காலியான இடம் எங்கே?
எந்தக் கையும் எழவில்லை. குளிர்பெட்டிகளின் இரைச்சல் மட்டும்.
பிறகு ஒரு கை, அவசரமே இல்லாமல், இடது ஓரத்துக்கு.
நானும் பார்த்தேன். காலிதான்.
கேட்காமலே இன்னொன்றும் சொன்னாள், கண்ணைத் திறக்காமல்:
கேட்டில் வண்டிக்காரர் வந்துவிட்டார். இன்று நீலத் தொப்பி.

திக்கென்றது எனக்கு.
இத்தனை நாள் பார்க்கிறவன் நான் என்றிருந்தேன்.
தொப்பியைக் கழற்றிப் பார்த்தேன். நீலம்.

முடிந்து எல்லோரும் இறங்கியதும் வண்டியைக் கிளப்பினேன்.
ஆர்னிஸ் இரண்டு விரல் காட்டினான்: இரண்டு நிமிடம்.
அவனும் ரீமும் பனியின் மேல் குனிந்து
அவள் போன வளைவைப் பின்தொடர்ந்து நடந்தார்கள்,
தொலைந்த கம்மலைத் தேடுகிறவர்கள் போல.
கழுத்து திரும்பியதற்குப் பனியில் தடம் விழாது.
திரும்பாததற்கு விழுமோ என்னவோ.
எனக்கும் சொல்லத் தெரியவில்லை.

பிறகு என் முறை. வெந்நீர், ஆவி, ஓரத்திலிருந்து உள்நோக்கி.
பெஞ்சில் உட்கார்ந்து மாரிசெல் ஸ்கேட் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.
ஒரு தடவை தலை நிமிர்ந்தது.
கையசைக்கலாமா என்று யோசித்தேன்.
அவள் என்னைப் பார்க்கவில்லை;
வண்டி அடுத்துத் திரும்பப்போகிற மூலையைப் பார்த்தாள்,
பார்த்துவிட்டு மறுபடி முடிச்சில் குனிந்தாள்.
திரும்பினேன்.