மின்னல் வந்தால் மூடியிருக்கும்

என் பெயரில் ஐந்து எழுத்து.
எந்திரம் ஏழு என்றது.

பாயான் லெப்பாஸில் இரவு ஷிப்ட்.
சிப்புகளைச் சோதிக்கும் அறையில்
எண்ணப்படாதது எதுவுமில்லை:
தட்டில் ஏறியவை, தேறியவை, கழிந்தவை,
நான் கழிவறைக்குப் போய்வந்த நிமிடங்கள்.
மூன்றரை மணி ஓய்வில்
மைலோ ஆறிக்கொண்டிருக்க
கேன்டீன் மூலையில் மடிக்கணினியைத் திறந்து
அரைகுறையாய்க் கற்ற நிரலில்
‘தமயந்தி’ என்று தட்டினேன்.
ஏழு.

சரி, திருப்பிப் போடு என்றேன்.
தி-யின் மேல்விலங்கு
ஏறிக்கொள்ள எழுத்தில்லாமல் முன்னால் தனியே நின்றது.
ந-வின் புள்ளி த-வின் தலையில் விழுந்தது.
விபத்தில் சிக்கிய பஸ் மாதிரி என் பெயர்.

தேடினேன்.
முப்பது நாளில் வல்லுநராக்குகிறேன் என்றது ஒன்று.
முதலில் மின்னஞ்சல் முகவரி, பிறகு வயது,
பிறகு கடன் அட்டை கேட்டது இன்னொன்று.
எனக்கு வேண்டியது ஐந்துதான்.
ஏழுக்குப் பதில் ஐந்து.

ஒரு சுட்டி இன்னொரு சுட்டிக்குத் தள்ளிவிட,
அது வேறெங்கோ தள்ளிவிட,
படமில்லாத வெளிர்மஞ்சளில் வந்து நின்றேன்.
மேலே எழுதியிருந்தது:

இது ஜெலுத்தோங்கில் பதினோராம் மாடி பிளாட்டில்
அரிசி டின்மேல் உட்கார்ந்திருக்கும்
சீட்டுக்கட்டளவு கணினியிலிருந்து வருகிறது.
மின்னல் வந்தால் அம்மா பிளக்கைப் பிடுங்கிவிடுவார்.
மன்னிக்கவும்.
இங்கே யாரும் உங்களை எண்ணவில்லை.

கடைசி வரியை மறுபடி படித்தேன்.

ஆள் பெயர் திலகேஸ்வரன்.
வயது தெரியாது, முகம் தெரியாது.
மாடிப்படிப் பூனைகளுக்கு அவர் வைத்திருக்கும் பெயர்கள் தெரியும்.
பசாரில் கெம்போங் மீன் விற்ற விலை
நான்கு வருடத்துக்கும் தெரியும்.
லிப்ட் பழுதான நாள்களுக்குத் தனிப் பட்டியல், நீளமானது.
அதற்குக் கீழே
தமிழெழுத்தை எண்ணும் நிரல், பன்னிரண்டு வரி.
எட்டாம் வரியின் ஓரத்தில் குறிப்பு:
‘இது ஏன் என்று எனக்கே மறந்துவிட்டது.
எடுத்தால் உடைகிறது.’

ஓட்டிப் பார்த்தேன்.
ஐந்து.
சத்தமாகச் சிரித்திருக்க வேண்டும்,
ரொட்டி போடுபவர் திரும்பிப் பார்த்தார்.

அன்றிலிருந்து ஓய்வு நேரமெல்லாம் அங்கேதான்.
‘அண்டைவீட்டார்’ என்று ஒரு வரிசை வைத்திருக்கிறார்.
தைப்பிங்கில் ஒருத்தி மழையை அளக்கிறாள்,
நூடல்ஸ் கோப்பையிலும் மில்லிமீட்டரிலும்.
கிள்ளானில் ஒருவன் ‘ஞ’ வரைகிறான்
கட்டம் கட்டமாக, எட்டு வருடமாக,
இன்னும் திருப்தியில்லையாம்.
யாரும் எதையும் விற்கவில்லை.
இரண்டு வீடுகள் பூட்டியிருந்தன,
உரிமையாளர் எங்கே என்று எழுதவில்லை.

ஒருநாள் விடியுமுன் அவருக்கு எழுதினேன்:
உங்கள் நிரல் ‘லக்ஷ்மி’யை நான்கு என்கிறது.
க்ஷ் ஒன்றுதானே?
எங்கள் லைனில் ஒரு லக்ஷ்மி இருக்கிறாள்,
தெரிந்தால் கோபித்துக்கொள்வாள்.

ஒன்பது நாள் பதிலில்லை.
பத்தாம் நாள் பன்னிரண்டு வரி பதினான்காகியிருந்தது.
அடியில் சின்னதாய்:
க்ஷ திருத்தப்பட்டது.
பிடித்தவர்: தமயந்தி (5).

சம்பள உயர்வுக் கடிதத்தைக்கூட
நான் இத்தனை முறை திறந்து பார்த்ததில்லை.

இன்று ஷிப்ட் முடிந்து கடலோரச் சாலையில் பஸ்.
பிறை பக்கமிருந்து கறுத்து வருகிறது.
கைப்பேசியில் வெளிர்மஞ்சள் திறக்கவில்லை.
சுற்றிச் சுற்றி நிற்கிறது வட்டம்.
பக்கத்து இருக்கைப் பையன்
லைன் இல்லை என்று கம்பெனியைத் திட்டுகிறான்.

ஜெலுத்தோங் வருகிறது.
அடுக்கடுக்காய்ப் பிளாட்டுகள்,
கம்பத்தில் துண்டுகள், கைலிகள்.
கீழிருந்து பதினோராம் வரிசையைத்
தேடத் தொடங்கி, ஆறில் விட்டுவிட்டேன்.
பஸ் நிற்கவில்லை.

கடல்மேல் வெள்ளையாய்ப் பிளந்தது.
இடிக்கு எத்தனை நொடி என்று
ஒன்று, இரண்டு...
போதும்.

மேலே எங்கோ ஓர் அம்மா
ஈரக்கையைக் கைலியில் துடைத்தபடி
சுவர்ப் பக்கம் போகிறார்.