பழவேற்காட்டில் அரை நாள்

கடைசி பஸ் ஐந்து நாற்பதுக்கு.
அதற்குள் கல்லறை, ஏரி, கலங்கரை விளக்கம்,
முடிந்தால் நண்டு வறுவல் என்று
டிக்கெட்டின் பின்பக்கம் எழுதி வைத்திருந்தேன்.

டச்சுக் கல்லறை வாசலில்
கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள்.
ஒன்று தலையில் கை வைத்திருந்தது,
பஸ்ஸைத் தவறவிட்டதுபோல.

நடு ஏரியில் படகு தரைதட்டியது.
"நீள்ளு லேவு" என்றார் தேசராஜ்,
லுங்கியை மடித்துக்கொண்டு இறங்கினார்.
செருப்பைப் படகில் போட்டுவிட்டு
நானும்.
முட்டிக்குக் கீழேதான் ஏரி.
விரலிடுக்கில் வெதுவெதுப்பாய்ப் பிதுங்கியது சேறு.

ஆந்திரா எங்கே தொடங்குகிறது?
நாரைகள் நின்ற பக்கம் தாடையால் காட்டினார்.
நான் திரும்புவதற்குள்
அவை இடம் மாறியிருந்தன.

தள்ளினோம்.
கரையில், தூரத்தில், ஒரு ஹாரன்.
மணி பார்க்கவில்லை.
தலையில் கை வைக்கலாமென்றால்
இரண்டு கையிலும் படகு.