அறுபதில் மட்டும்

நாலு லட்சத்துப் பதினேழாயிரத்தில்
மீட்டர் நின்று நாலு வருசம்.
அதற்குப் பிறகு ஓடியதை
டயரிடம்தான் கேட்க வேண்டும்.

மூக்கையூரில் ஏற்றியது நாற்பது பெட்டி சூடை.
ஐஸ் அடித்துத் தார்ப்பாய் இழுத்துக் கட்டி
சாயல்குடி தாண்டும் மட்டும்
சூட்டு முள் நடுவில்தான் நின்றது.
ஈசிஆரில் அறுபதைத் தொட்டதும்
எழுந்துபோய்ச் சிவப்பில் உட்கார்ந்துகொண்டது,
பந்தியில் இடம்பிடித்தவன் போல.

ஓரங்கட்டி
ஐந்து நிமிசம் சும்மா உறுமவிட்டால்
இறங்கி வருகிறது.
மறுபடி அறுபது.
மறுபடி சிவப்பு.

பின்னால் பனிக்குள் உறங்கும் சூடை
முன்னால் கொதிக்கும் சூடு
நடுவில் ஒரு தகரமும் நானும்.
ஒரு பாளம் ஐஸை எடுத்து
அதன் நெற்றியில் வைத்தால் என்ன என்றுகூடத் தோன்றியது.
வைத்திருந்தால் ஹெட் விரிசல்விட்டு
நான் மதுரையில் கடனாளியாக நின்றிருப்பேன்.

ஏர்வாடி விலக்கில் சேகனா லெப்பையின் ஷெட்.
மூன்று வாரத்துச் செலவை ஒப்பித்தேன்:
தெர்மோஸ்டாட் மாற்றியாச்சு
ரேடியேட்டர் மூடி மாற்றியாச்சு
வாட்டர் பம்ப்பும்.
“சாமான் எல்லாம் புதுசு, சீக்கு மட்டும் பழசு”
என்றார்.

நிக்கிறப்போ சூடேறுதா?
இல்லை.
“அப்போ ஃபேனைத் தொடாதே.
நிக்கிற வண்டிக்குத்தான் விசிறி வேணும்.
ஓடுற வண்டிக்கு
கடக்காத்தே வந்து விசிறிட்டுப் போகும்.”

ஆயில் குச்சியை உருவித் துடைத்து உருவினார்.
பால் கலக்கவில்லை.
ஆறட்டும் என்று ஒரு பீடி.
மூடியைத் திறந்து எஞ்சினை ஓடவிட்டு
குமிழி வருகிறதா என்று குனிந்து பார்த்தார்.
வரவில்லை. கேஸ்கட் பிழைத்தது.

பிறகு விரலை உள்ளே விட்டு
நாக்கில் வைத்தார்.
“என்ன தண்ணி ஊத்துறே?”
நல்ல தண்ணிதான் பாய்.
துப்பினார்.
என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.
ஒன்றும் சொல்லவில்லை.

“மிதியில ஒரு செங்கல்லை வச்சுட்டுக் கீழே வா.”

டார்ச் வெளிச்சத்தில் கீழ் ஹோஸ்.
மணிக்கட்டுப் பருமன் ரப்பர்
எஞ்சின் அலற அலற ஒடுங்கி
உறிஞ்சித் தீர்த்த தண்ணிப் பாக்கெட்டாய்
சப்பிப்போய்க் கிடந்தது.
செங்கல்லை எடுத்தேன்.
ஒரு பெருமூச்சு. உப்பியது.
வை என்றார். வைத்தேன். சப்பியது.
அறுபதில் மட்டும் குரல்வளையை நெரித்துக்கொண்ட வண்டி
நிறுத்தினால் சாதுவாய் மூச்சுவிட்டது.

“பம்ப் இழுக்கிற இழுப்புக்குச் சப்பாம இருக்க
உள்ளே ஒரு ஸ்பிரிங் இருக்கும்”
என்றபடி ஹோஸைக் கழற்றித் தட்டினார்.
விழுந்தது ஸ்பிரிங் இல்லை.
ஒரு கைப்பிடி செந்தூள்.

வாலிநோக்கம் பிரிவுக்கு முன்னால்
உப்பளத்தை ஒட்டி ஓர் அடிபம்பு உண்டு.
ஆட்டுக்குட்டிகூட முகர்ந்துவிட்டுத் திரும்பும் தண்ணீர்.
கூலண்ட்டுக்கு என்று மாசாமாசம்
ரெஜினாள் அக்கா எண்ணிக் கொடுக்கும் காசு
எங்கே போனது என்பது
எனக்கும் பரோட்டாக் கடைக்கும் தெரியும்.

போன் அடித்தது. அக்காதான்.
ஐஸ் தாங்குமா?
தாங்கும்.
வண்டிக்கு என்ன கோளாறாம்?

விரலைக் கழிவுத்துணியில் துடைத்துக்கொண்டிருந்தவர்
நிமிராமலே சொன்னார்:
“ஹோஸ்னு சொல்லு. அதுவும் நெசந்தானே.”

ஹோஸ்தான் அக்கா என்றேன்.

மூன்று தடவை அலசி
பச்சைத் தண்ணீர் ஊற்றி
என் பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டார்.
கீழக்கரை தாண்டி அறுபது.
முள் நடுவில்.
அறுபத்தைந்து.
நடுவில்.
தார்ப்பாய்க்கு அடியில் ஐஸ் சொட்டிக்கொண்டு வர,
டீ குடித்துத்தான் ஏறினேன்,
சர்க்கரை தூக்கலாய்.
ராமநாதபுரம் வரைக்கும்
நாக்கு கரித்துக்கொண்டே வந்தது.